டாப்ளர் நார்மல்தான், சுகர் எவ்வளவு?

ஸ்கேன் அறையில் டாப்ளரைப் போட்டதும் 'வுஷ்... வுஷ்...' என்று ஒரு சத்தம் வரும். தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை மெஷின் ஒலியாக மாற்றித் தருவதுதான் அது. பல தாய்மார்கள் அதைக் கேட்டதும் கண் கலங்கிவிடுவார்கள்.

"ரத்த ஓட்டம் நல்லா இருக்கா டாக்டர்?"

"நல்லா இருக்கும்மா. சாப்பிட்ட பிறகு சுகர் எவ்வளவு வருது?"

இந்த இடத்தில்தான் பேச்சு தடுமாறும். "போன மாசம் பார்த்தது... அதான் டாப்ளர் நார்மல்னு சொல்லிட்டீங்களே!"

வாரத்துக்கு நாலு பேராவது இதைச் சொல்கிறார்கள். டாப்ளர் காட்டுவது ஓட்டத்தின் வேகத்தை, எதிரே உள்ள தடையை. ஓடுகிற ரத்தத்தில் என்ன கலந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நடுவே நஞ்சுக்கொடியின் மெல்லிய தடுப்பு இருக்கிறது. குளுக்கோஸ் அதைச் சுலபமாகக் கடந்துவிடும். தாயின் இன்சுலின் கடக்காது. அம்மாவுக்குச் சுகர் ஏறினால் பிள்ளைக்கும் ஏறும், அதைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம்தான் இன்சுலினைச் சுரந்தாக வேண்டும். 1950களிலேயே டென்மார்க் மருத்துவர் பெடர்சன் விளக்கிய விஷயம் இது.

அந்த இன்சுலின் சும்மா இருக்காது. கொழுப்பைச் சேர்க்கும், எடையைக் கூட்டும். வந்து குவிகிற சர்க்கரையை எரிக்க ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும், ஆனால் வரத்து அதற்கு ஈடாகக் கூடாது. பற்றாக்குறையைச் சரிக்கட்ட சிசுவின் உடல் சிவப்பணுக்களை அதிகமாக உற்பத்தி செய்கிறது, ரத்தம் கெட்டிப்படுகிறது. இப்படிப் பிறக்கும் குழந்தைகள் சில நேரம் கருஞ்சிவப்பாக இருப்பார்கள். பார்க்கிறவர்கள் 'நல்ல நிறம்' என்பார்கள், எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

இதயத்திலும் தடம் விழும். திரையில் நான்கு அறைகளும் தெரியும்படி படத்தை நிறுத்தி, கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் இரண்டு புள்ளிகள் வைத்து அளப்போம். எல்லாம் மில்லிமீட்டர் கணக்குதான். சுகர் கட்டுக்குள் இல்லாதபோது சில சிசுக்களுக்கு இந்தச் சுவர் தடித்துவிடுகிறது. பிறந்த சில மாதங்களில் பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பலர் குளுக்கோமீட்டரைக் கையில் எடுக்கிறார்கள்!

இன்னொரு வகையும் உண்டு. நெடுநாள் நீரிழிவால் ரத்தக்குழாய்கள் பழுதானவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள். கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பையின் சிறு தமனிகள் தசை இறுக்கம் தளர்ந்து அகலமாக வேண்டும். சரியாக அகலாவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது, குழந்தை வளராது. தொப்புள்கொடித் தமனியில், இதயத் துடிப்புகளுக்கு இடையிலான ஓட்டம் குறையும், நிற்கும், கடைசியில் பின்னோக்கியே திரும்பும். சிசு மற்ற உறுப்புகளுக்குப் போவதைச் சுருக்கி மூளைக்கு ரத்தத்தைத் திருப்பிவிடும். இங்கே டாப்ளர் கத்திச் சொல்லும். சுகர் ஏறி பிள்ளை பெருக்கும் முதல் வகையில், பிள்ளை சிரமத்தில் இருந்தாலும் அது வாய் திறக்காமல் போகலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வெறும் டாப்ளரை நம்பி நாங்கள் முடிவெடுக்காததற்குக் காரணம் இதுதான்.

ஏற்கெனவே நீரிழிவு இருப்பவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே வர வேண்டும் என்று நாங்கள் நச்சரிப்பது ஏன் தெரியுமா? கரு உருவாகி சுமார் 22ஆம் நாளே இதயம் துடிக்கத் தொடங்குகிறது; 8 வாரத்துக்குள் அறைகள் பிரிந்து முடிகின்றன. பலர் முதல் ஸ்கேனுக்கு வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அதனால் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. பிறகு ஐந்தாம் மாத வாக்கில் சிசுவின் இதயத்துக்கென்று தனி எக்கோ ஸ்கேன். சிலருக்கு 16 வாரத்துக்கு முன்பே குறைந்த அளவு ஆஸ்பிரினும் தொடங்குவோம். தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை அது.

கர்ப்பத்தில் புதிதாகச் சுகர் வந்தவர்கள் குற்றவுணர்ச்சியோடு உட்கார்ந்திருப்பார்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களே இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. 'இனிப்பு தின்றதால் வந்தது' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ் என்பதுதான் பொதுவான இலக்கு. உங்கள் மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுதான் உங்களுக்கு. வெறும் வயிற்று எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைபவர்கள் நிறைய. எனக்கு சாப்பிட்ட பிறகு வரும் எண்ணும் வேண்டும், தேதி போட்டு.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றைக்கே வந்துவிடுங்கள். "நேத்துதானே டாப்ளர் நார்மல்னு வந்துச்சு" என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.