கியூவின் பின்முனையில் ஒரு கீல்

ஸ்னூக்கர் கற்றுக்கொள்ள வருகிறவருக்கு முதல் வாரமே ஒரு பயிற்சி கொடுப்பார்கள். டேபிளில் வேறு பந்தே இருக்காது. பிரவுன் பந்து வைக்கும் புள்ளியில் வெள்ளைப் பந்தை வைத்து, நீலம், பிங்க், கறுப்பு வைக்கும் புள்ளிகளின் மேலாக நேரே அடிக்க வேண்டும். பந்து எதிர் குஷனில், அதாவது டேபிளின் எதிர் விளிம்பில் பட்டு, போன கோட்டிலேயே திரும்பி, அசையாமல் நீட்டி வைத்திருக்கும் கியூவின் (பந்தை அடிக்கும் கோலின்) டிப்பிலேயே, அதாவது முன்முனையிலேயே, வந்து முட்ட வேண்டும். நான் முதன்முதலில் செய்தபோது பத்தில் எட்டுத் தடவை பந்து வலது பக்கமாகவே விலகி வந்தது. நிற்கும் விதம் சரியில்லை என்று நினைத்து ஒரு மாதம் காலை மாற்றி வைத்தேன், தலையைத் தாழ்த்தினேன், கண்ணைக் கூடச் சந்தேகப்பட்டேன். கோளாறு எனக்குப் பின்னால் இருந்தது. குனிந்து நிற்கும் ஆட்டக்காரரால் பார்க்கவே முடியாத இடத்தில், கியூவைப் பிடித்திருந்த வலது கையில்.

இந்த ஆட்டத்தில் தவறு எப்படிப் பெருகுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. பந்து விழ வேண்டிய மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறக்குறைய எட்டரை, ஒன்பது செ.மீ. தான். வெள்ளைப் பந்திலிருந்து 180 செ.மீ. தள்ளி ஒரு சிவப்பு, அதற்கு நேர் பின்னால் 120 செ.மீ. தள்ளிப் பாக்கெட் என்று வையுங்கள். வளைவே இல்லாத நேர் பாட், அதாவது பந்தைப் பாக்கெட்டில் போடும் அடி. கியூவைப் பிடித்த கை, அடிக்கும் கணத்தில் பக்கவாட்டில் முக்கால் மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. கியூவைத் தாங்க முன் கையை ஊன்றியிருக்கும் இடமான பிரிட்ஜ் அங்கிருந்து சுமார் 85 செ.மீ. தொலைவில் இருப்பதால், கியூவின் திசை 0.05 டிகிரி மட்டும் மாறும். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்த விலகலோடு போகும் வெள்ளைப் பந்து சிவப்பை அடையும்போது ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளித் தொடும். உருண்டையை உருண்டை ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளித் தொட்டால், சிவப்பு போகும் திசை 1.7 டிகிரி திரும்பிவிடும். பாக்கெட் வரைக்கும் போகும்போது அது மூன்றரை சென்டிமீட்டர். நடுவிலிருந்து இரு பக்கமும் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் பந்துக்கு இடம் இருக்கிறது. ஆக, பின் கையின் முக்கால் மில்லிமீட்டர் ஒரு பாட்டைக் கெடுத்துவிட்டது.

அந்த முக்கால் மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும், இறுக்கிப் பிடிப்பதிலிருந்து.

கியூ போக வேண்டியது நேர்கோட்டில். ஆனால் அதை நகர்த்தும் முன்னங்கை முழங்கையிலிருந்து தொங்கும் ஒரு ஊசல். ஊசல் நேர்கோட்டில் போகாது, வட்டத்தில்தான் போகும். முழங்கையிலிருந்து பிடிக்கும் இடம் வரை 33 செ.மீ. என்று கொள்வோம். கையை 15 செ.மீ. பின்னால் இழுத்தால் முன்னங்கை 27 டிகிரி சாய்கிறது, கை மூன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலாக உயர்கிறது. அந்த உயர்வால் கியூ சாய்வது இரண்டரை டிகிரிக்குள்தான். முன்னங்கை 27 டிகிரி திரும்பியிருக்கிறது, கியூ இரண்டரைகூடத் திரும்பவில்லை. நடுவிலே மிச்சம் இருக்கும் 25 டிகிரியை ஏதோ ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஒரு குடையை எடுத்துப் பாருங்கள். மடக்கிய குடையைத் தரைக்கு இணையாக, கையைத் தொங்கவிட்டு, ஐந்து விரலாலும் அழுத்திப் பிடியுங்கள். மணிக்கட்டையும் விறைப்பாக வைத்துக்கொண்டு முன்னங்கையைப் பின்னால் ஆட்டுங்கள். குடையின் முன்முனை தரையை நோக்கிச் சரிவது தெரியும். ஸ்னூக்கர் டேபிளில் முன் கை கியூவைத் தாங்கி நிற்பதால் அது அப்படிச் சரிய முடியாது. மணிக்கட்டு வளைந்து கொடுக்கப் பார்க்கும். ஆனால் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டு சுமார் 20 டிகிரிதான் வளையும். அதற்கு மேல் எலும்பும் தசைநாணும் விடாது. அந்த எல்லையில் போய் நிற்கிற மணிக்கட்டு சும்மா இருக்காது, பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். கியூவும் கூடவே முறுக்கும்.

இப்போது அதே குடையைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால் மட்டும் பிடித்துக்கொண்டு ஆட்டுங்கள். கை பின்னால் போகப் போகச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் தானாகத் திறக்கும். குடை சரியாமல் கிடையாகவே நிற்கும். அந்த 25 டிகிரியை விரல்கள் வாங்கிக்கொண்டன. நல்ல கிரிப் என்பதே இதுதான். கதவுக்குக் கீல் எப்படியோ, அப்படி முன்னங்கைக்கும் கியூவுக்கும் நடுவில் கை ஒரு கீலாக வேலை செய்ய வேண்டும். ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ரானி ஓ'சல்லிவன் ஆடும்போது பின்னாலிருந்து காட்டும் காட்சி வந்தால் பந்தை விட்டுவிட்டு அவர் கையைப் பாருங்கள். எவ்வளவு லேசாகப் பிடிக்கிறார் என்பது அப்போது தெரியும்.

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் வயலின்காரர் வில்லை இழுப்பதைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வில் திசை மாறும் ஒவ்வொரு முறையும் அவர் விரல்கள் கொஞ்சம் நீண்டு மடங்கும். அங்கேயும் வட்டத்தில் ஆடும் கையை வைத்துக்கொண்டு நேர்கோடு போட வேண்டிய அதே கணக்குத்தான்.

சரி, லேசாகப் பிடி என்று சொல்லிவிடுவது சுலபம். எவ்வளவு லேசாக? நான் எல்லாரிடமும் சொல்வது தண்ணீர் வாளி. வாளியைத் தூக்கும்போது கைப்பிடியை நாம் நசுக்குவதில்லை. விரல்களைக் கொக்கி மாதிரி மடக்குகிறோம், வாளி அதில் தொங்குகிறது. கியூவின் எடை அரைக் கிலோ சொச்சம். அதையும் விரல்களில் தொங்கவிட வேண்டும். உள்ளங்கையில் அப்பிக்கொள்ளக் கூடாது. கட்டைவிரல் தரையைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருக்கும் சதை கியூவின் மேல் நேராக உட்கார வேண்டும்.

இறுக்கினால் வேறு என்ன ஆகிறது என்பதற்கு இன்னொரு சோதனை. இடது கையால் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே முன்னங்கையைப் பற்றிக்கொண்டு, வலது கையை மெல்ல முஷ்டியாக இறுக்குங்கள். விரலை மடக்குகிறீர்கள், ஆனால் விம்முவது முழங்கைப் பக்கத்துத் தசை. விரல்களை மடக்கும் தசைகளில் பெரியவை விரலில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. அவற்றில் சில முழங்கையின் உள்பக்க எலும்பிலிருந்தே கிளம்புகின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. அவை இறுகினால் மணிக்கட்டு மடங்கிவிடாமல் இருக்க எதிர்ப்பக்கத் தசைகளும் சேர்ந்து இறுகும். முஷ்டியை முழுசாக இறுக்கியபடியே முன்னங்கையை ஊசல் போல ஆட்டிப் பாருங்கள், எண்ணெய் வற்றிய கீல் மாதிரி இருக்கும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தசை எவ்வளவு பலமாக இழுக்கிறதோ, அந்த இழுப்பின் ஏற்ற இறக்கமும் அந்த அளவுக்குக் கூடும். இது நரம்பியலில் நன்றாகத் தெரிந்த விஷயம். லேசாகப் பிடித்த கையில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் வித்தியாசம் குறைவாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

பலர் பின்னால் இழுக்கும்போது சரியாகத்தான் பிடிப்பார்கள். கெடுவது கடைசிக் கணத்தில். பந்தை அடிக்கப்போகிறோம் என்ற பதற்றத்தில் கை தானாக இறுகிவிடும். திறந்திருந்த பின்விரல்கள் சட்டென்று மூட, கியூவின் பின்பகுதி உள்ளங்கையை நோக்கி மேலே போகும். பிரிட்ஜ் நடுவில் தாங்கி நிற்பதால், பின்னால் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் முன்னால் டிப் மூன்று மில்லிமீட்டர் இறங்கும். நீங்கள் பந்தின் நடுவில் குறி வைத்திருப்பீர்கள், பட்டது அடியில். மோதிய இடத்திலேயே நிற்க வேண்டிய வெள்ளைப் பந்து காரணமே தெரியாமல் பின்னால் ஊர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடியில் பலம் சேர்க்கத்தான் இறுக்குகிறோம் என்று சிலர் சொல்வார்கள். பந்தோடு டிப் சேர்ந்திருக்கும் நேரம் ஒரு மில்லி விநாடி, மிஞ்சிப்போனால் இரண்டு. அந்த நேரத்தில் பந்துக்கு வேகம் தருவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கியூவின் நிறை. கியூ அரைக் கிலோவுக்கு மேல், பந்து சுமார் 140 கிராம். மெத்தென்ற சதையால் பிடித்திருக்கும் கை அந்தக் குறுகிய மோதலில் தன் எடையைச் சேர்க்கவே முடியாது. டிப் தொட்டது மூளைக்குத் தெரிந்து, பதிலாகக் கை அசைய 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் போகும் பந்து அதற்குள் 30 செ.மீ. தாண்டிப் போயிருக்கும். கை செய்ய வேண்டியதெல்லாம் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அடித்த பிறகு விரல்கள் மூடிக்கொள்வதில் தவறில்லை. கை முன்னால் போகும்போது முன்னங்கை எதிர்ப்பக்கம் சாய்வதால் பின்விரல்கள் தானாகவே மூடும்.

கியூவில் எந்த இடத்தில் பிடிப்பது என்பதற்கும் இதே ஊசல்தான் பதில் சொல்லும். டிப் பந்தைத் தொடும் கணத்தில் முன்னங்கை செங்குத்தாகத் தொங்க வேண்டும். ஊசலின் அடிப்புள்ளியில்தான் கை கிட்டத்தட்டக் கிடையாகப் போகிறது. அங்கே கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் உயரம் மாறாது. ரொம்ப முன்னால் பிடித்தால் கை ஏறும்போது அடிப்பீர்கள், ரொம்பப் பின்னால் பிடித்தால் இறங்கும்போது. உயரமானவர்கள் கியூவின் கடைசி வரை போய்ப் பிடிக்க வேண்டியிருக்கும், குட்டையானவர்கள் கொஞ்சம் முன்னால். அடுத்தவர் பிடிக்கும் இடத்தை அளந்து வைத்து அதையே பிடிப்பதில் பயனில்லை.

முழங்கையை அசைக்கவே கூடாது என்பவர்களும் உண்டு, அடித்த பிறகு அது இறங்கலாம் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம். அது இறங்கினால் கியூ இன்னும் கொஞ்ச தூரம் கிடையாகவே போகும். ஆனால் தொடுவதற்கு முன்பே இறங்கினால் ஊசலின் மையமே நகர்ந்துவிடும், மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது.

1875-ல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் உருவான ஆட்டம் இது. விதிகளை எழுதி ஒட்டியது 1882-ல், நம் ஊட்டி கிளப்பில். ஊட்டிக் குளிரில் கை உலர்ந்திருக்கும், கியூ விரல்களுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். சென்னையில் மே மாதம் ஏசி சரியாக வேலை செய்யாத அறையில் ஆடினால் கதை வேறு. வேர்த்த கை கியூவின் வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும், திறக்க வேண்டிய விரல் திறக்காது. கை வேர்த்திருக்கிறது, வழுக்கிவிடும் என்று பயந்து இன்னும் இறுக்குவோம். இதற்கு மருந்து ஒரு சின்ன பருத்தித் துண்டு. ஒவ்வொரு முறை டேபிளுக்கு வரும்போதும் கையை மட்டும் துடைத்தால் போதாது, கியூவின் பின்பகுதியையும் துடைக்க வேண்டும்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் கையைத் திருத்த எதுவும் சொல்லவில்லை. ஃபோனை எனக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்து, பத்து அடி அடிக்கச் சொல்லி, மெதுவாக ஓட்டிக் காட்டினார். ஒவ்வொரு அடியிலும், டிப் பந்தைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னால், என் சுண்டுவிரலின் கணு வெளுத்தது. அப்புறம் அந்தச் சுண்டுவிரலைக் கியூவிலிருந்து முழுசாக எடுத்துவிட்டு மூன்று வாரம் அடித்தேன். பிரவுன் புள்ளியிலிருந்து கிளம்பிய வெள்ளைப் பந்து, நான்காவது வாரம் ஒரு சனிக்கிழமை, தொடர்ந்து ஆறு தடவை டிப்புக்கே வந்து முட்டியது.