பின்னு உள்ள போயிருச்சுன்னா அது உங்க பாக்ஸோட அடாப்டர் ஆயிடாதுங்க

தப்பான அடாப்டர் போட்டு எரிஞ்சு என் ரிப்பேர் கடைக்கு வர்ற செட்டாப் பாக்ஸ், இந்த மாசத்துல இது மூணாவது. பொறுமையா எழுதணும்னுதான் உக்காந்திருக்கேன், பாப்போம்.

போன வாரம் கடைய சாத்துற நேரத்துக்கு ஒரு காலேஜ் பையன் மஞ்சப்பைக்குள்ள செட்டாப் பாக்ஸ வச்சு கொண்டு வந்தான். "அண்ணே, ரெண்டு நாளா செவப்பு லைட் மட்டும் எரிஞ்சுச்சு, இப்ப அதுவும் இல்ல. அப்பத்தா சீரியல் போச்சுன்னு வீட்ல உக்கார விட மாட்டேங்குதுண்ணே"ன்னான். மூடிய கழட்டறதுக்கு முன்னாடியே மூக்குக்கு தெரிஞ்சிருச்சு. கழட்டி பாத்தா, பவர் உள்ள வர்ற எடத்துல கரண்ட்ட சேத்து வைக்கற குட்டி உருளை, கெப்பாசிட்டர், தலை பொளந்து, உள்ள இருந்த பேப்பர் எல்லாம் பஞ்சு பஞ்சா போர்டு மேல அப்பி கெடக்கு, பக்கத்துல வோல்ட்ட கொறைச்சு குடுக்கற ரெகுலேட்டர் ஐசி நடுவுல ஊசி குத்துன மாதிரி ஒரு ஓட்டை. என்ன அடாப்டர்டா தம்பி போட்டன்னு கேட்டேன். "பழசு வேலை செய்யலண்ணே, தண்ணி மெஷின்ல இருந்தத புடுங்கி போட்டேன், பின்னு கரெக்டா போச்சுண்ணே."

பின்னு கரெக்டா போச்சு. பதினெட்டு வருசமா இதே வத்தலக்குண்டுல கடை வச்சிருக்கேன், இந்த பதில எத்தன பேரு வாயில கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல.

ஆர்ஓ தண்ணி மெஷின் அடாப்டர் குடுக்கறது 24 வோல்ட். அவங்க பாக்ஸ் கேக்கறது 12. அந்த வெடிச்ச கெப்பாசிட்டர் மேலயே 16 வோல்ட்னு அச்சடிச்சிருக்கு, அதுக்கு மேல தாங்காதுன்னு அதுவே கழுத்துல போர்டு மாட்டிக்கிட்டு நிக்குது. 24-அ விட்டா என்ன ஆகும்? ரெகுலேட்டர் ஐசி ஷார்ட் ஆகி, வெறும் 3.3 வோல்ட்ல ஓடற மெயின் சிப்பு வரைக்கும் மொத்த கரண்ட்டும் பாஞ்சிருச்சு. கெப்பாசிட்டரும் ஐசியும் மட்டும் போயிருந்தா மாத்தி குடுத்திருப்பேன். மெயின் சிப்பு போனா அது வேலைக்கு ஆகாது.

நல்லா கேட்டுக்கங்க, ஏன்னா எல்லாரும் தப்பா புரிஞ்சு வச்சிருக்கறது இததான். அந்த உருண்டை பின்னு ஒரு சைஸு, அவ்ளோதான். வைஃபை ரௌட்டர், சிசிடிவி கேமரா, சீரியல் லைட்டு, தண்ணி மெஷின், பிள்ளைங்க வாசிக்கிற கீபோர்டு எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட அதே சைஸு பின்னுதான் வருது. ஒண்ணு 5 வோல்ட், ஒண்ணு 9, ஒண்ணு 12, ஒண்ணு 24. அந்த கீபோர்டு அடாப்டர் இன்னும் மோசம், சிலதுல பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழா இருக்கும், பாக்ஸுக்கு நடுவுல பிளஸ் வேணும்னா இதுல நடுவுல மைனஸ் இருக்கும். அடாப்டர் முதுகுல ரெண்டு சின்ன வட்டம், நடுவுல ஒரு புள்ளி, பக்கத்துல பிளஸ் மைனஸ்னு படம் போட்டிருப்பான். அது டிசைன் இல்லங்க, அதத்தான் பாக்கணும். பாக்ஸுக்கு பின்னாடியும் அதே படம் இருக்கும், ரெண்டும் ஒண்ணா இருக்கணும். வாசல் பூட்டுக்குள்ள எந்த சாவி நுழைஞ்சாலும் முறுக்கி பாத்துருவீங்களா?

அடுத்தது ஆம்பியர் பயம். "அண்ணே இது 2 ஆம்பியர் போட்டிருக்கு, நம்ம பாக்ஸு 1 ஆம்பியர்தானே, எரிஞ்சிராது?" எரியாது. வோல்ட் சரியா இருந்தா ஆம்பியர் கூட இருக்கறதால ஒண்ணும் ஆகாது. பந்தியில அண்டா நெறைய சோறு இருக்குங்கறதுக்காக உங்க வயிறு வெடிக்குமா, உங்களுக்கு வேண்டியததான் சாப்பிடுவீங்க. ஆம்பியர்ங்கறது அண்டாவுல இருக்கற சோறு. வோல்ட்ங்கறது வாயில திணிக்கற கை, அது ரெண்டு மடங்கு வேகத்துல திணிச்சாதான் ஆபத்து. ஆம்பியர் கொறஞ்சாதான் பிரச்சனை, 1 ஆம்பியர் பாக்ஸுக்கு சேஃப்டின்னு நெனச்சு அரை ஆம்பியர் அடாப்டர் போடறாங்க பாருங்க, அந்த பாக்ஸு பாதி பட்டினியில கெடந்து ஆன் ஆகி ஆஃப் ஆகி ஆன் ஆகி உயிர விட்டுக்கிட்டு இருக்கும். வோல்ட் அச்சு அசலா அதே, ஆம்பியர் அதே இல்ல அதுக்கு மேல, பிளஸ் மைனஸ் அதே. இத கடைக்காரர்ட்ட சொல்லி வாங்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? என் கடையில நல்ல அடாப்டரே 150, 200 ரூவாதான்.

இதுல என்ன வயித்தெரிச்சல்னா அந்த பையன் பாக்ஸுல முதல்ல ஒரு கோளாறும் இருந்திருக்காது. செவப்பு லைட் மட்டும் எரிஞ்சு படம் வரலன்னா, என் கணக்குல முக்கால்வாசி அடாப்டர்தான். அந்த லைட்டு எரிய கொஞ்சூண்டு கரண்ட் போதும். பாக்ஸு எழுந்து வேலைய ஆரம்பிக்கும்போதுதான் நெறைய இழுக்கும், வயசான அடாப்டர் அங்க படுத்துரும். நம்ம பக்கம் கிராமங்களுக்கெல்லாம் 2017 மார்ச்சுக்குள்ள டிஜிட்டலுக்கு மாறியாகணும்னு கெடு வச்சாங்க, அதே வருசம்தான் அரசு கேபிளும் வீட்டுக்கு வீடு பாக்ஸ் குடுக்க ஆரம்பிச்சுச்சு. அப்ப வந்த அடாப்டர், அது எந்த கம்பெனியோடதா இருந்தாலும் சரி, ராத்திரி பகலா பிளக்லயே சூடா தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. உள்ள இருக்கற கெப்பாசிட்டர் காயாம என்ன செய்யும், பத்து டிகிரி சூடு ஏறினா அதோட ஆயுசு பாதியாயிரும்னு ஒரு கணக்கு இருக்கு.

தொழில்ல இருக்கற தம்பிங்களுக்கு ஒரு வார்த்தை. மீட்டர வச்சு 12 காட்டுதே, அடாப்டர் நல்லாருக்குன்னு சொல்லி பாக்ஸ மாத்த சொல்லாதீங்கப்பா. சும்மா இருக்கறப்ப 12 காட்டும், லோடு குடுத்து பாருங்க. நான் பைக் இண்டிகேட்டர் பல்ப் ஒண்ணு, 12 வோல்ட் 10 வாட், ஒயர் சுத்தி மேசையிலயே வச்சிருக்கேன். அத மாட்டினா கிட்டத்தட்ட 0.8 ஆம்பியர் இழுக்கும், செத்த அடாப்டர் உடனே 12-லருந்து ஏழுக்கோ எட்டுக்கோ விழுந்துரும், பல்ப்பு அழுது வடியும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமிருந்து வர்ற பாக்ஸுங்க இன்னும் வேடிக்கை, மார்கழி காலையில ஆன் ஆகாது, மதியம் வெயில் ஏறினா தானா ஆன் ஆகும். சாமி குத்தம்னு ஒரு அம்மா சொன்னாங்க. கெப்பாசிட்டர் குளிர்ல ஒழுங்கா வேலை செய்யலங்க, சாமி பாவம்.

சரி, கடைக்கு தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி டிவி திரைய ஒருக்கா பாருங்க. "நோ சிக்னல்"னு மட்டும் மிதந்துக்கிட்டு இருந்தா அத எழுதறது பெரும்பாலும் டிவி, பாக்ஸ் இல்ல. பாக்ஸ்லருந்து எதுவுமே வரலன்னு டிவி சொல்லுது, யாராவது ரிமோட்ட அமுக்கி ஏவி-க்கு மாத்தியிருப்பாங்க, இல்ல ஹெச்டிஎம்ஐ ஒயர் நழுவியிருக்கும், இல்ல பவர் இல்ல. அதுவே ஒரு நம்பரோட எர்ரர் வருது, கார்டு இல்லங்குது, சந்தா முடிஞ்சுதுங்குதுன்னா பாக்ஸ் உயிரோட இருந்து உங்களோட பேசிக்கிட்டு இருக்கு, அத என்கிட்ட தூக்கிட்டு வந்து என்ன பிரயோஜனம், கேபிள்காரருக்கு போன போடுங்க. டிஷ் வச்சிருக்கறவங்களுக்கு பாதி சேனல் வந்து பாதி வரலன்னா அதுவும் பல சமயம் பவர்தான், மொட்டைமாடி டிஷ் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கற தலைக்கு ஒரு பக்க சேனலுக்கு 13 வோல்ட், இன்னொரு பக்கத்துக்கு 18 வோல்ட் பாக்ஸ்தான் அனுப்பணும், அந்த 18-அ எட்ட முடியாம போனா அந்த பக்க சேனல் மொத்தமா காணாம போயிரும். ரிமோட் மேல சந்தேகமா, செல்போன் செல்ஃபி கேமரா முன்னாடி ரிமோட்ட நீட்டி அமுக்குங்க, பல்ப்பு ஊதா கலர்ல மின்னினா ரிமோட் நல்லாருக்கு.

இப்ப திட்டப் போறேன். யூடியூப் பாத்துட்டு பாக்ஸ வீட்ல பிரிக்கறவங்க. அடாப்டர் தனியா இருக்கற பாக்ஸ்ல பெருசா ஒண்ணும் ஆகாது, ஆனா சுவர்லருந்து கரண்ட் ஒயர் நேரா பாக்ஸுக்குள்ள போற பழைய மாடல்ல உள்ளயே எஸ்எம்பிஎஸ், அதாவது அடாப்டர் செய்யற வேலைய செய்யற பவர் போர்டு இருக்கும். அதுல 400 வோல்ட்னு எழுதின ஒரு கெப்பாசிட்டர், 230 ஏசிய டிசியாக்கினா 325 வோல்ட் பக்கம் அதுக்குள்ள நிக்கும். "பிளக்க புடுங்கிட்டேண்ணே"ம்பாங்க. நல்லாருக்கற பாக்ஸா இருந்தா புடுங்கின கொஞ்ச நேரத்துல அந்த கரண்ட்ட அதுவே தின்னு தீத்துரும். செத்த பாக்ஸ்ல திங்கறதுக்கு ஆள் இல்ல, அப்படியே நிக்கும், நீங்க கைய வைக்கற வரைக்கும். நீங்க பிரிக்கறதும் செத்த பாக்ஸத்தான? எனக்கு தொழில் கத்துக் குடுத்த அண்ணன் இடது கைய பின்னாடி பாக்கெட்ல போட்டுக்கிட்டுதான் வலது கையில தொடுவாரு, ரெண்டு கையும் போனா கரண்ட் நெஞ்சு வழியா போகும்னு. அடாப்டரயும் ஒடைக்காதீங்க, அதுக்குள்ளயும் இதே கதைதான். பாக்ஸு கேபிள்காரரோடதா இருந்தா சீல் கிழிஞ்சதுக்கு அப்பறம் அவரு வாய் தெறக்க மாட்டாரு, அது வேற.

இடி இடிக்கும்போது சுவிட்ச அணைச்சா போதாதுங்க, பின்னாடி திருகியிருக்கற கேபிளையும் கழட்டி தள்ளி போடணும். சித்திர கோட மழையிலயும் ஐப்பசியிலயும் எனக்கு வர்ற பாக்ஸ் பாதி கேபிள் வழியா அடி வாங்கினதுதான், பவர் நல்லாருக்கும், கேபிள் சிக்னல வாங்கற டியூனர் மட்டும் போயிருக்கும். டிவியும் பாக்ஸும் ஓடும்போது ஹெச்டிஎம்ஐ-ய சொருகாதீங்க. எர்த் இல்லாத ரெண்டு பின் பிளக்குல அந்த இரும்பு ஓரத்த தொட்டா சுர்ருனு இருக்கும்ல, கைய சுர்ருங்கறது போர்ட்ட சும்மா விடுமா. பாக்ஸ் மேல லேஸ் துணி வேணாம், அது மேல ரௌட்டர் வேணாம். ஓட்டைய எல்லாம் டேப் போட்டு அடைக்கவும் வேணாம், பல்லி வருதுன்னு அடைச்சிட்டு சூட்டுல வேக வச்சு கொண்டு வந்தாரு ஒருத்தரு. தொறந்தா பல்லி முட்டை ரெண்டு உள்ளயே இருந்துச்சு, அடைக்கறதுக்கு முன்னாடியே வந்திருச்சு போல.

வீட்ல இருக்கற ஒவ்வொரு அடாப்டர் மேலயும் எதுக்கு சொந்தம்னு ஒரு ஸ்கெட்ச் பேனாவுல எழுதி வைங்க, தயவுசெஞ்சு. பெரியவங்க மட்டும் இருக்கற வீடா இருந்தா ஊருக்கு போறப்ப நீங்களே எழுதி ஒட்டிட்டு வாங்க.

அந்த பையன் மறுநாள் பழைய அடாப்டரயும் கொண்டு வந்தான். நான் நெனச்சதுதான், பல்ப்ப மாட்டுனதும் படுத்துருச்சு. 150 ரூவாயில முடிஞ்சிருக்கும். புது பாக்ஸுக்கு கேபிள்காரர்ட்ட சொல்லியிருக்காங்களாம், அது வர்ற வரைக்கும் அப்பத்தா பக்கத்து வீட்டுல போயி சீரியல் பாக்குதாம். தண்ணி மெஷின் என்னடா ஆச்சுன்னு கேட்டேன், அடாப்டர திருப்பி மாட்டுனதுல அது நல்லா ஓடுதுண்ணேன்னான்.