கறிவேப்பிலைத் தொட்டியில் கறுப்புப் பூச்சி

மொரீஷியஸின் கியூர்பிப்பிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ஜன்னலோரக் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாலே கொசு மாதிரி குட்டிக் குட்டிக் கறுப்புப் பூச்சிகள் கிளம்புகின்றன, செடி வாடுகிறது, மாமியார் திருஷ்டி என்கிறார், என்ன செய்யலாம்?

திருஷ்டி இல்லை, தண்ணீர் ஜாஸ்தி. ஜூன், ஜூலைக் குளிரிலும் தூறலிலும் வீட்டுக்குள் இருக்கும் மண் லேசில் காயாது, நாமோ வழக்கம்போல ஒரு சொம்பு ஊற்றிவிடுவோம். ஈர மண்ணில் பூஞ்சை வளரும், அங்கே காளான் ஈ முட்டையிடும்.

அதுதானா என்று முதலில் பாருங்கள். வாழைப்பழத்தைச் சுற்றும் சிவப்புக் கண் ஈ வேறு. இறக்கையில்லாமல் மண்மேல் துள்ளுவது ஸ்பிரிங்டெயில், மக்கியதைத் தின்னும் சாது, விட்டுவிடலாம். சந்தேகமா, உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்மேல் வைத்து இரண்டு நாள் கழித்துத் தூக்குங்கள். உடலுக்குள் தின்றது தெரியும் அளவுக்கு வெளுத்து, தலை மட்டும் பளபளவென்று கறுத்த புழுக்கள் அடியில் நெளிந்தால், வேரைக் கடிப்பவை அவைதான். பறப்பது ஏறக்குறைய ஒரு வாரத்தில் தானே செத்துவிடும்.

புழுவுக்கு மருந்து பி.டி.ஐ. (பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்) என்ற பாக்டீரியா. எனக்கு இதன் வேலையைச் சொல்லிச் சொல்லி அலுக்காது. இது தன் உடலுக்குள் ஒரு புரதப் படிகத்தைச் செய்து வைக்கிறது. அந்தப் படிகம் விஷமே இல்லை. நம் இரைப்பையில் அமிலம், அங்கே போனால் மற்றப் புரதங்களைப் போல அதுவும் செரித்துவிடும். ஆனால் இந்தப் புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது, அதில் படிகம் கரைகிறது. அப்புறம் புழுவின் செரிமான நொதிகள் அதைச் சாப்பாடு என்று எண்ணி ஓரத்தை வெட்டுகின்றன பாருங்கள், அந்த வெட்டுதான் அதை விஷமாக்குகிறது! வெட்டுப்பட்ட புரதங்கள் குடல் சுவரில் ஒட்டி, ஒன்றுகூடி ஓட்டை போட, உள்ளே தண்ணீர் ஏறி, ஊறிய கடலையின் தோல் கிழிவது போல செல்கள் வெடிக்கின்றன. டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுவையும் இது இப்படித்தான் கொல்லும்; அதில், ஒரு புரதம் முதலில் போய் ஒட்டி இன்னொன்றுக்கு இடம் பிடித்துக் கொடுப்பதையும் கண்டிருக்கிறார்கள்.

இந்தப் பாக்டீரியாவைக் கண்டெடுத்தது 1976-இல், இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்துக் கிடந்த ஒரு குட்டையில். குட்டைச் சேற்றைக் கிளற இன்று பணம் கேட்டால், என்ன லாபம் என்றுதான் முதல் கேள்வி வரும். 2005-06-இல் பக்கத்து ரியூனியன் தீவில் மூன்றில் ஒருவரைச் சிக்குன்குனியா படுக்கவைத்தபோது கொசுப்புழுக்களுக்கு எதிராகப் பயன்பட்டவற்றில் இதுவும் ஒன்று.

சரி, தொட்டிக்கு வருவோம். மேல்மண் இரண்டு விரற்கடை காயும் வரை தண்ணீர் வேண்டாம். பி.டி.ஐ. குருணையைத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, வடித்து ஊற்றுங்கள். முட்டையும் கூட்டுப்புழுவும் எதையும் தின்பதில்லை என்பதால் தப்பித்துவிடும், ஆகவே வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் ஊற்ற வேண்டும். மஞ்சள் தூள் தூவச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது குழம்புக்கு இருக்கட்டும். மஞ்சள் நிற ஒட்டு அட்டை ஒன்றைச் செருகிவையுங்கள், வாரத்துக்கு வாரம் அதில் ஒட்டுவது குறைந்தால் மருந்து வேலை செய்கிறது.