பாண் ஆட்டோவில் பீத்தோவன்

பின்னேரம் வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் (ரொட்டி) விற்க வருகிற சூன் பாண் ஆட்டோ பெரும்பாலும் பீத்தோவனைத்தான் ஒலிக்கவிடுகிறது. 'ஃபூர் எலீஸ்' என்ற அந்தத் துண்டு 1810இல் பியானோவுக்காக எழுதப்பட்டது; அச்சேறியதோ அவர் இறந்து 40 வருடம் கழித்து, 1867இல். கொழும்பில் அதைக் கேட்டால் பாண் வாங்கக் காசோடு வாசலுக்கு வருகிறோம். தாய்வானில் குப்பைப் பையோடு வருகிறார்கள், அங்கே அது குப்பை லொறியின் மெட்டு. கச்சேரி மண்டபத்தில் இருமக்கூடத் தயங்குவார்கள். சுரம் ஒன்றுதான், மற்றதெல்லாம் வேறு.

உலக இசைகளை ஆராய வந்தவர்கள் முதலில் சுரத்தைத்தான் அளந்தார்கள். அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1885இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு 'ச' முதல் மேல் 'ச' வரையுள்ள தூரத்தை, 1200 'சென்ட்' ஆகப் பிரித்துக் கணக்குப் போட்டார். (அவருக்குச் சுருதி பிடிபடாத காது என்பார்கள், நண்பர் ஹிப்கின்ஸின் காது துணைக்கு இருந்தது.) பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே 100 சென்ட். ஃபூர் எலீஸின் தொடக்கத்தில் மாறி மாறி வரும் இரண்டு சுரங்களின் இடைவெளி அதுதான். ஜாவாவின் கமெலான் வாத்தியங்களிலோ, சிலேந்த்ரோ என்ற ஐந்து சுர அமைப்பில் ஒரு படி ஏறக்குறைய 240 சென்ட். பியானோவில் அதற்குக் கட்டையே இல்லை. ஆகவே இயற்கை தந்த ஒரே சுரவரிசை என்று எதுவும் கிடையாது என்று எல்லிஸ் எழுதினார். ஐரோப்பிய இசையே அளவுகோல் என்ற நினைப்புக்கு அது நல்ல அடி.

சரி, பாணுக்கும் குப்பைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சென்ட் சொல்லாதே? அதற்கு அமெரிக்க மானிடவியலாளர் அலன் மெரியம் 1964இல் வைத்த வழி உதவுகிறது. ஒலி, அதையொட்டி மனிதர் நடந்துகொள்ளும் விதம், அதைப்பற்றி அவர்கள் மனதில் உள்ள கருத்து என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். மூன்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கும். மாடிவீட்டுப் பிள்ளை பியானோப் பரீட்சைக்கு இதே துண்டைப் பழகினால், "பாண் வந்திட்டுது" என்று யாராவது பகிடி விடாமல் இருக்கமாட்டார்கள்.

நம்முடைய கெட்டிமேளத்தையே எடுங்கள். ஒலிப்பதிவை மட்டும் கேட்கிற வெளியூர்க்காரர் அதை வெறும் இரைச்சல் என்று குறித்துவிடலாம். பம்பலப்பிட்டிக் கல்யாண மண்டபத்தில் ஐயர் கைகாட்டியதும் தவிலும் நாதஸ்வரமும் ஒரேயடியாக ஏறுகின்றன, சபை அட்சதை தூவுகிறது, யாரும் தலையாட்டி ரசிப்பதில்லை. தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அபசகுனமான சொல்லோ காதில் விழக்கூடாது என்பதுதான் கருத்து. அந்தச் சத்தம் இருப்பதே அதற்குத்தான். அதே தவில்காரர் கோயில் திருவிழாவில் தனியாக வாசிக்கும்போது கணக்குப் பிசகினால், முன்வரிசைப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

சிக்கல் வருவது புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலின் பாங்கிலும் விகாரைகளில் பௌத்த பிக்குகள் செய்யும் பிரித் ஓதலிலும். இரண்டையும் சுரம் பிரித்து எழுதலாம். ஆனால் ஓதுகிறவர்கள் அதை இசை என்று ஒப்புக்கொள்வதில்லை. பிக்குகளுக்குப் பாட்டும் வாத்தியமும் விலக்கப்பட்டவை. ஆகவே கருவி அளந்ததை ஒரு பக்கத்திலும் ஓதுகிறவர் சொன்னதை இன்னொரு பக்கத்திலும் ஆய்வாளர் எழுதிக்கொள்கிறார். ஒன்றை வைத்து மற்றதைத் திருத்துவதில்லை.