கெளுத்தித் தீவனத்தில் மீன்தூளுக்குப் பதில் சோயா: மலைநாட்டுப் பக்குவம்

கெளுத்திக்கு மீன்தூள்தான் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பண்ணைகளில் சோயாப் புண்ணாக்கையும் சோளத்தையும் தின்றே அது வளர்கிறது. ஆனால் மூட்டையில் அச்சிட்ட புரத அளவை மட்டும் நம்பி மாற்றினால் கை சுடும். புரதம் அமினோ அமிலங்கள் என்ற துண்டுகளால் ஆனது; அவற்றில் ஒன்றான லைசின் தேங்காய்ப் புண்ணாக்கில் குறைவு. சோயாவில் லைசின் தாராளம், மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் பற்றாது. எள்ளுப் புண்ணாக்கு சோயாவுக்கு நேர்மாறு, அதனால் இரண்டும் நல்ல ஜோடி. ஓர் அமினோ அமிலம் குறைந்தாலும் மற்றவை தசையாகாமல் அம்மோனியாவாகச் செவுள்வழி வெளியேறும். தீவனக் காசு தொட்டித் தண்ணீரைக் கெடுப்பதில் முடியும்.

10 கிலோவுக்குக் கணக்கு: வெந்த சோயா மா 2.5 கிலோ, சோயாப் புண்ணாக்கு 2, எள்ளுப் புண்ணாக்கு 1.5, தவிடு 2.5, மரவள்ளி மா 800 கிராம், மீன்தூள் 500 கிராம், டைகல்சியம் பொஸ்பேட் (பொஸ்பரஸ் தரும் கனிமத் தூள்) 100, விற்றமின்-கனிமக் கலவை 100. புரதம் ஏறத்தாழ 29 சதவீதம் வரும். அந்த அரைக் கிலோ மீன்தூள் முக்கியமாக வாசனைக்கு. அதையும் எடுத்துவிட்டால் மீன் முதலில் தீவனத்தைச் சீண்டாது. பொஸ்பேட்டை மிச்சம் பிடிக்க வேண்டாம். தாவரப் பொஸ்பரசில் மூன்றில் இரண்டு பங்கு பைற்றேற்று என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது, மீனால் அதைச் செரிக்க முடியாது.

மலையில் சறுக்கும் இடம் அடுப்படிதான். பச்சைச் சோயாவிலுள்ள டிரிப்சின் தடுப்பான் புரதச் செரிமானத்தை முடக்கும். வெப்பம்தான் அதை அழிக்கும். கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது, ஹற்றனில் 96 அளவில், நுவரெலியாவில் 94. ஆகவே இரவு ஊறவைத்த சோயாவுக்குக் கீழ்நாட்டில் அரை மணி போதுமென்றால், மேலே முக்கால் மணியாவது கொதிக்க வேண்டும். பிரஷர் குக்கர் இருந்தால் 15 நிமிடம்.

வெந்ததா என்று பார்க்க மரக்கறித் தோட்டத்து யூரியாவே போதும். பச்சைச் சோயாவிலுள்ள யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். தடுப்பானை அழிக்கும் சூடு இந்த நொதியையும் அழித்துவிடும். காய்ந்து அரைத்த சோயா இரண்டு மேசைக்கரண்டி, யூரியா அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர். மூன்றையும் போத்தலில் கலந்து மூடி, 20 நிமிடம் கழித்து முகருங்கள். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் வேக்காடு பற்றவில்லை. சோதித்த மாவைத் தீவனத்தில் சேர்க்காதீர்கள். அளவுமீறிய வேக்காட்டை இந்தச் சோதனை காட்டாது. வறுத்துக் கருகிய சோயாவில் லைசின் சர்க்கரையோடு ஒட்டி வீணாகிவிடும்.

இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் பிழிந்த குச்சித் தீவனம் தண்ணீரில் அமிழும். தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் தின்றது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று தெரியும். பழைய தீவனத்திலிருந்து பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். தண்ணீர் 20 பாகைக்குக் கீழே போகும் குளிர்நாட்களில் மீனே குறைவாகத்தான் தின்னும்; தீவனத்தைப் பழி சொல்லிப் பயனில்லை.

மற்றது ஈரம். மூடுபனிக் காலத்தில் வெயிலை எதிர்பாராமல், அடுப்புக்கு மேல் பரண் கட்டி 60 பாகையைத் தாண்டாத சூட்டில், குச்சி சடக்கென்று முறியும்வரை உலர்த்துங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை வாங்கவே கூடாது; அதிலிருக்கும் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு காயவைத்தாலும் அவித்தாலும் போகாது.