ஒரு கீறல்கூட இல்லை

"விடிய விடிய கேம் ஆடுறான் டாக்டர். போனைப் பிடுங்கினா கையை ஓங்குறான்." 16 வயது மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவன் அம்மா சொன்னது இது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நானும் வழக்கமானதைத்தான் செய்தேன். இரவு 10 மணிக்கு மேல் போன் கிடையாது என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். மூன்றே வாரம். போன் அம்மாவின் பீரோவில் இருந்தது, பையனின் ஸ்கூல் பையில் சிகரெட் இருந்தது.

அப்புறம்தான் முதல் நாள் குறிப்பை எடுத்துப் படித்தேன். 'இரண்டு வருடம் முன்பு பைக் விபத்து. ஓட்டிய பெரியப்பா மகன் இறந்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த இவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.' கடைசி வரியை அம்மா நிம்மதியோடு சொல்லியிருந்தார். நானும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவியிருக்கிறேன்.

அடுத்த முறை "ஏன் ஆடுறே?" என்று கேட்கவில்லை. "எந்த நேரத்துல கை போனைத் தேடுது?" என்று கேட்டேன். விபத்து நடந்தது இரவு 11 மணிவாக்கில். அந்த நேரம் நெருங்கினாலே நெஞ்சு படபடக்குமாம். கண்ணை மூடினால் பிரேக் சத்தம். ஹெட்போனில் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தால் அது கேட்காது. "ஆடாதப்பவும் ஹெட்போனைக் கழட்ட மாட்டேன் சார்" என்றான்.

ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்குக் காவலை விடுவதே இல்லை. 'சரி, ஒன்றுமில்லை' என்று அதை அமர்த்த வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி. அது முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகிவிடும். அதனால் டீன் ஏஜில் அலாரம் பலமாக அடிக்கும், அணைக்கும் கையில் வலு இருக்காது. மது, கஞ்சா, கேம், எதுவானாலும் அந்த அலாரத்தைக் கொஞ்ச நேரம் அமுக்கினால் போதும், மூளை அதைப் பிடித்துக்கொள்ளும். போகப் போக அளவு போதாது. நிறுத்தினால் தூக்கமின்மையும் பதற்றமும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். அதைத் தாங்க முடியாமல் மறுபடி அதே. அமெரிக்க மனநல மருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985-லேயே இதைச் 'சுய மருத்துவம்' என்று எழுதினார். 'திமிர்' என்று நாம் சொல்வதைவிட இது எவ்வளவோ பொருத்தம்.

1998-ல் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சிறுவயதில் அடி, பாலியல் கொடுமை, வீட்டு வன்முறை போன்றவற்றில் நான்கு வகை அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட மது அடிமைத்தனம், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை இருந்தது. அந்தப் பட்டியலில் விபத்து கிடையாது. ஆனாலும் இந்தப் பையன் என் முன்னால் உட்கார்ந்திருந்தான். அதற்காக, கேம் ஆடும் ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் காயத்தைத் தோண்டத் தொடங்கிவிடாதீர்கள். காயம்பட்ட எல்லோரும் போதைக்குப் போவதில்லை, போதைக்குப் போன எல்லோருக்கும் காயம் இருப்பதுமில்லை.

'முதலில் பழக்கத்தை விடட்டும், மனசைப் பிறகு பார்க்கலாம்' என்பதில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நடந்ததைச் சொல்லச் சொல்லி நெருக்கவும் கூடாது. தூக்கம், மூச்சுப் பயிற்சி, பாதுகாப்பு உணர்வு, இவை முதலில். மதுவோ தூக்க மாத்திரையோ தினமும் எடுத்துப் பழகியிருந்தால் வீட்டிலேயே திடீரென நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் குறைப்பதுதான் சரி. 'செத்துடலாம்போல இருக்கு' என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே அழைத்து வாருங்கள்.

அட்டவணையைக் கிழித்துப் போட்டோம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை அப்பா அவன் அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டார், எதுவும் கேட்காமல். ஹெட்போன் இருக்கட்டும், துப்பாக்கிக்குப் பதில் பாட்டு என்று பேசி முடித்தோம். ஐந்தாவது மாதம், தரையைப் பார்த்தபடி சொன்னான்: "வேகமா போண்ணான்னு சொன்னது நான்தான் சார்."

சிகரெட் நாளுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்திருக்கிறது. இன்னும் விடவில்லை.