குட்டிக்கு ரத்தத்தைக் காட்டினால் மட்டும் தடம் பிடிக்காது

வேட்டையில் குண்டடிபட்டு ஓடிய மானைத் தடம் பிடித்துத் தேடப் பழக்க வேண்டிய ஒரு நாய்க்குட்டியைப் போன வாரமும் கொண்டுவந்தார்கள். ஐந்து மாதம்கூட நிறையவில்லை. மான் தோலை எடுத்து முன்னால் போட்டேன். வாலை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு உடைமைக்காரரின் காலுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. விசாரித்தால் அதே கதைதான். "மூக்கு ரொம்ப நல்ல மூக்கு. அதனால் பயிற்சி எதற்கு என்று நேராக அடிபட்ட மான் பின்னாலேயே விட்டோம்." அந்த மானுக்கு இன்னும் உயிர் இருந்திருக்கிறது. எழுந்து உதைத்துவிட்டது. விலாவில் பட்ட அடி சீக்கிரம் ஆறிவிடும். மான் வாசனை என்றாலே வருகிற அந்த நடுக்கம் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். சில குட்டிகளுக்கு ஆறுவதே இல்லை.

வேட்டைப் பருவம் தொடங்கினால் இப்படிப் பாழான குட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தியாவில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உரிமத்தோடு வேட்டை நடக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அங்கேயும் நாயை வைத்துத் தேடுவதற்குத் தனி விதிகள் இருக்கும். பல இடங்களில் கயிற்றில் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும். குட்டி வாங்குவதற்கு முன்பே இதையெல்லாம் விசாரித்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எத்தனை முறை சொன்னாலும் மாறாத ஒரு நம்பிக்கை இருக்கிறது: நாய் ரத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது, ஆகவே ரத்தம் கூடக்கூடக் குட்டி சீக்கிரம் கற்றுக்கொள்ளும். இல்லவே இல்லை. அடிபட்ட மான்களில் பலவற்றுக்கு ரத்தம் வெளியே சொட்டுவதே குறைவு. உடம்பின் மேல்பாகத்தில் குண்டு பட்டால் ரத்தம் உள்ளேயே தேங்கும். சில நேரம் கொழுப்பு வந்து துளையை அடைத்துவிடும். முதல் நூறு அடிக்குத் துளித்துளியாகத் தெரியும், அதற்கப்புறம் ஒன்றுமே இருக்காது. நல்ல நாய் அந்த இடத்தைத் தாண்டியும் போகிறதே, எதை வைத்துப் போகிறது? மானின் பிளவுபட்ட குளம்புக்கு நடுவே ஒரு சுரப்பி இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் அதன் வாசனை மண்ணில் பதிகிறது. கூடவே மிதிபட்ட புல், கிளறிய மண், உதிர்ந்த முடி என்று எல்லாம் சேர்ந்துதான் தடம். இதில் இந்த மானின் வாசனை வேறு, பக்கத்து மானின் வாசனை வேறு. அடிபட்ட மான் கூட்டத்தோடு கலந்து ஓடினாலும் அந்த ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நாம் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். மோப்பம் பிடிக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, அது குட்டி பிறக்கும்போதே கொண்டுவந்தது.

ஐம்பது மீட்டருக்கு ஒரு பாட்டில் ரத்தத்தை ஊற்றிப் பழக்கிய குட்டி, ரத்தம் நின்ற இடத்தில் தலையைத் தூக்கி உங்கள் முகத்தைப் பார்க்கும். உடனே இன்னும் கொஞ்சம் ஊற்றுவீர்கள். அது இன்னும் சோம்பேறியாகும். ஜெர்மனியில் இந்த நாய்களுக்கு நடக்கும் தேர்வில் குறைந்தது 1000 மீட்டர் தடத்துக்கு வெறும் கால் லிட்டர் ரத்தம்தான். அதுவும் 20 மணி நேரமோ 40 மணி நேரமோ காட்டில் கிடந்து ஆறிய தடம். ரத்தமே மிகக் குறைவாக விட்டு, அடியில் மான் குளம்பு பொருத்திய காலணியால் நடந்து தடம் போடும் வழக்கமும் அங்கே உண்டு. காரணம் இப்போது புரிந்திருக்கும்.

பச்சை ரத்தத்தைக் குடிக்கவைத்தால் வெறி வரும் என்று சிலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இந்த வேலைக்கு வெறி உதவாது. நிதானமான குட்டிதான் வேண்டும்.

எட்டுப் பத்து வாரத்திலேயே தொடங்கலாம். ஒரு துண்டு மான் ஈரலைக் கயிற்றில் கட்டிப் புல்லில் பதினைந்து இருபது மீட்டர் இழுத்துச் செல்லுங்கள். முடிவில் கொஞ்சம் மான் தோலும் அந்த ஈரலில் ஒரு துண்டும் இருக்கட்டும். திரும்பும்போது அதே தடத்தின் மேல் நடக்காமல் சுற்றி வாருங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசுகிற மாதிரி தடம் போடுங்கள். எதிர்க்காற்றாக இருந்தால் குட்டி மூக்கைத் தரையில் வைக்காமல், தலையைத் தூக்கி நேராக ஈரலிடம் ஓடிவிடும். அன்றைக்கு அது கற்றது ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை போதும். கண்டுபிடித்ததும் தோலைக் கடித்து இழுத்து விளையாட விடுங்கள், பிடுங்காதீர்கள்.

அப்புறம் ஒரு வளைவு சேருங்கள். தடத்தை அரை மணி நேரம் ஆறவிடுங்கள், பிறகு இரண்டு மணி, பிறகு ஒரு ராத்திரி. புத்தம்புதுத் தடம் சுலபம் என்று நினைக்கிறார்கள். வாசனை அகலமாகப் பரவி நிற்பதால் குட்டி அதில் அவசரப்பட்டு ஓடத்தான் பழகும். ஆறிய தடத்தில்தான் மூக்கு கீழே இறங்கும்.

வளைவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குட்டி நேராக இரண்டு மூன்று மீட்டர் தாண்டிப் போகும். மூச்சின் சத்தம் மாறும், வால் ஆடுவது நிற்கும், தலை லேசாகத் தூக்கும். பிறகு தானாக ஒரு வட்டம் போடும். அந்த நேரத்தில் நீங்கள் மரம் மாதிரி நில்லுங்கள். இங்கேதான் எல்லோரும் கெடுக்கிறார்கள். தடம் எங்கே திரும்புகிறது என்று தெரிந்திருப்பதால் கை தன்னையறியாமல் கயிற்றை அந்தப் பக்கம் இழுக்கும், உடம்பு திரும்பும். குட்டி அதைக் கவனித்துக்கொள்ளும். நாளடைவில் அது படிப்பது தடத்தை அல்ல, உங்களை. அதனால் மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு வேறொருவர் தடம் போடட்டும். அவர் எங்கே போனார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். பத்து மீட்டர் நீளக் கயிறு, அகலமான கழுத்துப்பட்டை அல்லது மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். மெல்லிய சங்கிலி எல்லாம் வேண்டாம்.

உடம்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தடுப்பூசிகள் முடியும்வரை மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் தடம் போடாதீர்கள். ஒரு வயதுவரை எலும்பு வளர்கிறது, செங்குத்துச் சரிவிலும் நீண்ட தடத்திலும் ஏற்றாதீர்கள். குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றியுள்ள இறைச்சியைக் குட்டிக்குத் தராதீர்கள், ஈயத் துகள் இருக்கும். மூளையும் முதுகுத்தண்டும் வேண்டவே வேண்டாம். காட்டிலிருந்து வந்ததும் காது, அக்குள், விரலிடுக்கு மூன்றிலும் உண்ணி பாருங்கள்.

வேட்டைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாலு பேர் சேர்ந்து காடு முழுக்க மிதித்துத் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்ற பிறகு நாயைக் கூப்பிடாதீர்கள். செருப்பில் ஒட்டிய ரத்தம் எல்லாத் திசையிலும் போய்விடுகிறது. சுடும்போது மான் நின்ற இடத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டு நில்லுங்கள். ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் குண்டு பட்டது நுரையீரல், கருஞ்சிவப்பானால் பெரும்பாலும் ஈரல், பச்சைத் துகளும் நாற்றமும் இருந்தால் இரைப்பை அல்லது குடல். கடைசியாகச் சொன்னதில் அவசரப்பட்டுப் பின்னால் போனால் படுத்திருந்த மான் எழுந்து இன்னும் வெகுதூரம் போய்த் துடிக்கும். பல மணி நேரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்த மாதிரித் தேடலுக்குக் குட்டியைக் கூட்டிப்போகவே போகாதீர்கள். அனுபவமுள்ள பெரிய நாய் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். மான் கிடைத்து, அது இறந்துவிட்டது என்று உறுதியான பிறகு, தூரம் குறைவாகவும் தடம் தெளிவாகவும் இருந்தால், மானை அங்கேயே விட்டுவிட்டுக் குட்டியை அந்தத் துணி கட்டிய இடத்திலிருந்து கயிற்றில் நடத்திக் கூட்டி வாருங்கள். நீங்கள் பேசாமல் பின்னால் வந்தால் போதும்.